அரபி என்றால் யார்?

"அரபு, அரபி, அரேபியர், அராபியர், இதில் எது சரி? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? எகிப்துக்காரர்களை அரபிகள் என்று சொல்லலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று தனிக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும், கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் இரண்டும் வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. ரியாத்தில் ஒன்பது வருடம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். சாயங்காலங்களில் அரபி கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. போன புதிதிலேயே இந்தச் சொல் என் காலை வாரிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் எகிப்து நாட்டுப் பொறியாளர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவரிடம், "நீங்கள் அரபிகள் டீயில் இவ்வளவு சர்க்கரை போடுகிறீர்களே" என்றேன். அவர் முகம் கோணியது. "நான் மிஸ்ரி, எகிப்தியன். எங்கள் ஊரில் அரப் என்றால் பாலைவனத்தில் கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிறவன்" என்றார். சரி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சில வாரம் கழித்து, வேறொரு அரபு நாட்டு அணி ஐரோப்பிய அணியைக் கால்பந்தில் தோற்கடித்தது. மறுநாள் காலை அதே மனிதர் மிட்டாய் டப்பாவோடு வந்து, "நாம் அரபிகள் ஜெயித்துவிட்டோம்" என்று எல்லாருக்கும் கொடுத்தார்.

ஒரே வாயில் ஒரே சொல், இரண்டு அர்த்தம். அந்த ஆள் குழம்பிப்போய்ப் பேசவில்லை. இந்தச் சொல் மூவாயிரம் வருடமாகவே இப்படித்தான் இருந்துவருகிறது.

முதலில் எழுத்துப் பிரச்சினையை முடித்துவிடுவோம். அந்த மொழியில் மக்களைக் குறிக்கும் சொல் "அரப்". அது ஒற்றை ஆளைக் குறிக்காது, நாம் "சனம்" என்கிற மாதிரி கூட்டத்தைக் குறிக்கும். ஒரு ஆள் என்றால் "அரபி". மொழி என்றால் "அரபிய்யா". தமிழில் வழங்கும் அரபு, அரபி இரண்டும் அந்த மொழிக்குப் பக்கத்தில் நிற்பவை. அரேபியா, அரேபியர் என்பவை கிரேக்கரும் ரோமரும் ஒட்டிய வாலோடு ஐரோப்பிய மொழிகள் வழியாக வந்தவை. அராபியர் என்பதைப் பழைய பாடப்புத்தகங்களில் நிறையப் பார்க்கலாம். இலங்கை முஸ்லிம்கள் பலர் "அறபு" என்று வல்லின றகரம் போட்டே எழுதுவார்கள். எதுவும் பிழையில்லை. நான் மொழிக்கு அரபி என்றும், மக்களுக்கு அரபிகள் என்றும், தீபகற்பத்துக்கு மட்டும் அரேபியா என்றும் எழுதுகிறேன். தீபகற்பத்துக்கு வெளியே இருக்கும் மொராக்கோக்காரரை அரேபியர் என்று எழுதினால் எனக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

சொல்லின் முதல் எழுத்து நம்முடைய அகரம் இல்லை. தொண்டையின் அடியிலிருந்து இறுக்கிக் கொண்டுவரும் "ஐன்" என்கிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது, அதனால் அகரத்தோடு விட்டுவிடுகிறோம். இந்த ஐன் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொல் முதன்முதலில் எழுத்தில் வருவது எதிரி ஒருவனுடைய வெற்றிக் கல்வெட்டில். கி.மு. 853-இல் சிரியாவில் ஒரோண்டஸ் ஆற்றங்கரையில் கர்கர் என்ற இடத்தில் ஒரு பெரிய போர். ஒரு பக்கம் அசீரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசர். மறுபக்கம் டமாஸ்கஸ், ஹமாத், இஸ்ரவேல் என்று ஒரு கூட்டணி. இஸ்ரவேல் அரசன் ஆகாபும் அதில் உண்டு. எதிரிகள் ஒவ்வொருவரும் எத்தனை தேர், எத்தனை காலாள் கொண்டுவந்தார்கள் என்று ஷல்மனேசர் கல்லில் கணக்கு எழுதி வைத்தான். அந்தப் பட்டியலில் ஒருவர் மட்டும் ஒட்டகங்களோடு வருகிறார்: "அரபி கிந்திபு, 1,000 ஒட்டகங்கள்". கல் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிந்திபு என்ற பெயர் "ஜுன்துப்" என்ற அரபிச் சொல்லோடு பொருந்துகிறது. ஜுன்துப் என்றால் வெட்டுக்கிளி. ஆக, அரபி என்ற அடைமொழியோடு வரலாற்றில் நுழையும் முதல் மனிதர் ஒரு வெட்டுக்கிளியார், அதுவும் ஒட்டகத்தோடு.

அதற்குப் பிறகு வரும் அசீரியக் குறிப்புகளில் அரபிகள் அடிக்கடி தலைகாட்டுகிறார்கள். சுவாரசியம் என்னவென்றால், அதில் பல இடங்களில் அவர்களுக்குத் தலைமை தாங்குவது பெண்கள். கி.மு. 738 வாக்கில் கப்பம் கட்டியவள் சபீபே என்ற அரபு ராணி. அவளுக்குப் பின் வந்தவள் சம்சி, இவள் எதிர்த்தே நின்றாள். இரண்டாம் சர்கோன் கி.மு. 715-இல் சில கூட்டங்களை அடக்கியதாகச் சொல்லும்போது, அவர்கள் "தூரத்துப் பாலைவனத்தில் இருக்கும், மேலாளரையும் அதிகாரியையும் அறியாத அரபிகள்" என்கிறான். ஓர் அரசாங்கத்தின் பார்வையில் அரபி என்பவன் யார் என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. பதிவேட்டுக்குள் வராதவன், வரி வசூலிக்கப் போனால் அங்கே இல்லாதவன். எபிரேய வேதத்திலும் அதே படம்தான். பாபிலோன் பாழாகும்போது அங்கே அரபியன்கூட கூடாரம் போடமாட்டான் என்கிறார் ஏசாயா. வனாந்தரத்தில் வழியோரம் காத்திருக்கும் அரபியனை உவமை காட்டுகிறார் எரேமியா.

இந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட அரபிகள் தங்களைப்பற்றித் தாங்களே சொன்னதில்லை. எல்லாம் வெளியாள் வைத்த பெயர். அந்தக் கூட்டத்தார் தங்களைக் குலப்பெயரால்தான் அழைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். பெட்ரா நகரைக் குடைந்த நபத்தேயர்கள் தங்களை "நபத்து" என்றுதான் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் அரசை ரோமர்கள் 106-இல் இணைத்து, "அரேபியா" என்று மாகாணப் பெயர் சூட்டினார்கள். அப்புறம் அந்தப் பக்கத்துக்காரன் எவனும் ரோமனுக்கு அரபிதான். 248-இல் ரோமாபுரியின் ஆயிரமாவது ஆண்டு விழாவை நடத்திய பேரரசன் பிலிப் இன்றைய தெற்கு சிரியாவின் ஷஹ்பாவில் பிறந்தவர். வரலாற்றில் அவர் பெயரே "அரபி பிலிப்".

சரி, சொல்லின் வேர் என்ன? இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எபிரேயத்தில் "அரபா" என்றால் வறண்ட சமவெளி, அதனால் அரபி என்றால் பாலைநிலத்தான் என்பது ஒன்று. அசீரியக் குறிப்புகளோடு நன்றாக ஒட்டுகிறது. கலப்பு என்ற அர்த்தமுள்ள வேரிலிருந்து வந்தது, பல குலம் கலந்த கூட்டம் என்பது இன்னொன்று. மூன்றாவது, மேற்கு. மெசபொத்தேமியாவிலிருந்து பார்த்தால் அவர்கள் சூரியன் மறையும் திசையில் இருந்தார்கள், அதனால் மேற்கத்தியான். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அரபியில் மேற்குக்கு "கர்ப்", அதன் முதல் எழுத்து "கைன்". அரப் என்பதன் முதல் எழுத்து ஐன். அசீரியரின் ஆப்பெழுத்தில் இந்த இரண்டு ஒலியையும் சரியாகப் பிரித்துக் காட்ட வழியில்லை. அரபியிலும் பழைய யேமன் எழுத்திலும் இரண்டும் தெளிவாக வேறு வேறு, அங்கே அரபி என்ற சொல் ஐன் போட்டுத்தான் வருகிறது. அதனால் இந்த மேற்குக் கதையை நான் நம்புவதில்லை.

நான்காவது, அரபி இலக்கணக்காரர்களுக்குப் பிடித்தது. "அஅரப" என்றால் மனதில் உள்ளதைத் தெளிவாக எடுத்துச் சொல்லுதல். சொல்லின் ஈற்றை மாற்றி வேற்றுமை காட்டும் இலக்கணத்துக்கே "இஅராப்" என்றுதான் பெயர். அந்தக் கணக்கில் அரபி என்பவன் தெளிவாகப் பேசுகிறவன். இதற்கு எதிர்ச்சொல் "அஜம்". வாய் குழறுகிறவன், என்ன பேசுகிறான் என்று புரியாதவன். வாயில்லா ஜீவனுக்கும் அதே வேரிலிருந்து "அஜ்மா" என்ற சொல் உண்டு. அரபி அல்லாத எல்லாரும் அஜமி. நடைமுறையில் பெரும்பாலும் பாரசீகரைத்தான் அப்படிச் சொன்னார்கள். கிரேக்கன் அயலானை "பார்பரோஸ்" என்றதும், நம் பக்கம் "மிலேச்சன்" என்றதும் இதே புத்திதான். அழகான விளக்கம், ஆனால் இது வேரா அல்லது பெயர் நிலைத்த பிறகு பெயரிலிருந்து பிறந்த வினையா என்ற கேள்வி இருக்கிறது. தமிழ் என்றால் இனிமை என்று நாம் சொல்லிக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, கஹ்தானின் மகன் யஅருப் என்ற மூதாதையின் பெயரே சொல்லானது என்பது. ஊர்ப்பெயருக்கு முனிவர் ஒருவரைக் கொண்டுவரும் நம் தலபுராணங்களைப் படித்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. இவற்றில் இன்றுவரை எதுவும் முடிவாக நிலைநாட்டப்படவில்லை. பாலைநிலம் என்பதற்கு என் ஓட்டு. அதே மூன்று எழுத்தில் அரபியில் "அரபூன்" என்ற சொல்லும் இருக்கிறது, வியாபாரத்தில் கொடுக்கும் அச்சாரம். வேர் எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்து ஆர்வக்கோளாறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் தமிழை "அரவம்" என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு "அரவமும் அரபும் ஒன்று" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். ஐன் என்ற ஒலியே இல்லாத நம் மொழிகளிலிருந்து, ஐனில் தொடங்கும் அரப் என்ற சொல் போயிருக்க வாய்ப்பில்லை. இரண்டும் தற்செயலாக ஒலியில் நெருங்கியவை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தீபகற்பத்தின் தெற்கே யேமனில், இஸ்லாமுக்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே ஊரும் அணையும் கோயிலும் கட்டி வாழ்ந்த அரசுகள் இருந்தன: சபா, ஹிம்யர், ஹத்ரமவ்த். அவர்கள் மொழி அரபிக்கு உறவுதான், ஆனால் அரபி இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் ஹிம்யர் அரசன் அபிகரிப் அஸ்அத் கல்லில் பொறித்துக்கொண்ட பட்டம் நீளமானது. சபாவுக்கும் து-ரைதானுக்கும் ஹத்ரமவ்துக்கும் யம்னத்துக்கும் அரசன், அதோடு "மேட்டுநிலத்திலும் கடற்கரையிலும் உள்ள அவர்களுடைய அரபிகளுக்கும்" அரசன். கவனித்தீர்களா? "அவர்களுடைய அரபிகள்". யேமன்காரனுக்கு அரபி என்பவன் தன் எல்லையில் திரியும் நாடோடி, தேவைப்பட்டால் படைக்கு ஆள். தான் அரபி என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

இப்போது இஸ்லாம் வந்து இருநூறு வருடம் கழித்து வம்சாவளி நூல்களைத் திறந்தால், அரபிகள் இரண்டு கிளை. தெற்கே கஹ்தானின் வழிவந்த யேமன்காரர்கள், இவர்களே "அசல் அரபிகள்". வடக்கே இஸ்மாயீலின் வழியில் அத்னானுக்குப் பிறந்தவர்கள், இவர்கள் "அரபியாக ஆனவர்கள்". நபிகள் நாயகத்தின் குறைஷிக் குலம் இந்த இரண்டாவது கிளையில் வருகிறது! யாருடைய கல்வெட்டில் அரபி என்பவன் மற்றவனோ, அவர்களே அசலாகிவிட்டார்கள். இன்றும் யேமன்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் "நாங்கள்தான் மூல அரபிகள்" என்பது வந்துவிடும். எங்கள் அலுவலக வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்த ஏடன் கிழவர் ஒருவர் அதைச் சொல்லாமல் சில்லறை கொடுத்ததில்லை.

இடையில் என்ன நடந்தது? வடக்கே சிரியாவின் நமாரா என்ற இடத்தில் 328-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. நபத்தேய எழுத்தில், அரபி மொழியில். அதில் இம்ருல் கைஸ் என்பவர் "எல்லா அரபுகளின் அரசன்" எனப்படுகிறார். ஒருவர் அந்தப் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அந்த "அரபு" மக்களா, ஒரு நிலப்பகுதியா என்று சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் பெரிய திருப்பம் குர்ஆனோடு வருகிறது.

குர்ஆனில் அரபிகள் என்ற பொருளில் "அரப்" என்ற பெயர்ச்சொல் ஓரிடத்திலும் இல்லை. "அரபி" என்ற அடை பதினோரு இடத்தில் வருகிறது. அது குறிப்பது மொழியை, அந்த மொழியில் இறங்கிய வேதத்தை: "அரபியான குர்ஆன்", "தெளிவான அரபி நாவு". பாலைவன மனிதர்களைச் சொல்ல வேண்டியபோது வேறு சொல் வருகிறது, "அஅராப்". அது பத்து இடத்தில். அதில் சில இடம் கடுமையானவை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அஅராபிகள் நிராகரிப்பிலும் நயவஞ்சகத்திலும் மிகக் கடினமானவர்கள் என்று வருகிறது. சில வசனம் தள்ளி, அவர்களிலும் நம்பிக்கை கொண்டவர்கள் உண்டு என்றும் வருகிறது. இதைத் தமிழில் "அரபிகள் கெட்டவர்கள் என்று குர்ஆனே சொல்கிறது" என்று சிலர் எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பது நாட்டுப்புறத்து நாடோடிகளைக் குறிக்கும் அஅராப், நாம் பேசும் அரபிகள் என்ற சொல் அங்கே இல்லை.

இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள இடைவெளியை 1290-இல் முடிந்த "லிசானுல் அரப்" என்ற பேரகராதி அருமையாகச் சொல்கிறது. அஅராபியைப் பார்த்து "ஏ அரபி" என்றால் அவன் முகம் மலரும். அரபியைப் பார்த்து "ஏ அஅராபி" என்றால் அவனுக்குக் கோபம் வரும். இதைப் படித்தபோது நான் அந்த எகிப்தியப் பொறியாளரை நினைத்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வளைகுடாவில் வேலை பார்க்கும் மலையாளிகள் லிசானுல் அரபைப் பார்க்காமலேயே இதே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நகரத்துச் சவூதி "அரபி". பாலைவன ஓரத்துத் தோட்டத்தில் ஆடும் ஒட்டகமும் வைத்திருப்பவன் "காட்டரபி". நம் ஆட்களும் அவர்களிடமிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். சவூதிகள் தங்களுக்குள் "ஹளர்", "பதூ" என்று பிரித்துக்கொள்வதும் அதுவே.

இஸ்லாமியப் படைகள் ஏழாம் நூற்றாண்டில் வெளியே வந்தபோது, எதிர்கொண்டவர்கள் அவர்களை அரபிகள் என்றே அழைக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கிரேக்கர் சரசேனியர் என்றார்கள். சிரியாக் மொழியில் "தய்யாயே", தய் என்ற ஒரு குலத்தின் பெயரை எல்லாருக்கும் ஒட்டிவிட்டார்கள். பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி அந்தச் சொல்தான் பாரசீகத்தில் "தாஜிக்" ஆனது, சீனர்களிடம் போய் "தாஷி" ஆனது. நம் நாட்டுச் செப்பேடுகளிலும் இருக்கிறது. குஜராத்தின் நவ்சாரிச் செப்பேடு, எட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது, சாளுக்கியக் கிளையரசன் ஒருவன் "தாஜிக"ப் படையை முறியடித்ததைச் சொல்கிறது. ஜோதிடர்கள் வருஷபலன் கணிக்கும்போது "தாஜிக முறை" என்பார்களே, அந்தத் தாஜிகமும் இதுதான், அந்தப் பக்கத்திலிருந்து வந்த முறை. பிறகு அதே சொல் மத்திய ஆசியாவில் அர்த்தம் புரண்டு, பாரசீகம் பேசும் மக்களின் பெயராகிவிட்டது. இன்றைய தஜிகிஸ்தான்காரர் அரபி இல்லை, அவர் நாட்டுப் பெயரில் மட்டும் ஓர் அரபுக் குலம் ஒளிந்திருக்கிறது.

தமிழில் அப்போது அரபிகளுக்கு என்ன பெயர்? சோனகர். யவனர் என்ற சொல்லே யோனகர், சோனகர் என்று உருமாறியது. கிரேக்கனுக்கு வைத்த பெயர் கப்பலில் வந்த அடுத்த ஆளுக்கும் கிடைத்தது. இலங்கையில் இன்றும் "இலங்கைச் சோனகர்" என்பது சட்டப்படியான இனப்பெயர். அரபிகள் பதிலுக்கு நம் கிழக்குக் கரைக்கு "மாபார்" என்று பெயர் வைத்தார்கள். கடக்கும் இடம், துறை என்று அர்த்தம்.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். டமாஸ்கஸிலிருந்து ஆண்ட கலீபா வம்சமான உமையாக்கள் காலத்தில் அரபி என்பது ஆளும் கூட்டத்தின் பெயர். பாரசீகரோ ஆர்மீனியரோ இஸ்லாத்துக்கு வந்தால் போதாது, ஓர் அரபுக் குலத்தின் ஆதரவில் "மவாலி" என்ற பெயரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் கலீபா அப்துல் மலிக் அரசாங்கக் கணக்குகளை அரபிக்கு மாற்றினார். கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்குப் புத்தகத்தின் மொழி மாறினால் ஒரு தலைமுறையில் பிழைக்க நினைப்பவன் எல்லாம் மொழி மாறுவான். அப்படித்தான் நடந்தது. அரபி மொழியின் முதல் பெரும் இலக்கணத்தை எழுதியவரே சீபவைஹி என்ற பாரசீகர். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இறந்த அவர் வைத்த அடித்தளத்தில்தான் இன்றும் அரபிப் பிள்ளைகள் இலக்கணம் படிக்கிறார்கள். மொழி எல்லாருக்கும் உரியதான பிறகு பரம்பரை அரபிக்கு என்ன தனிச்சிறப்பு? அதனால் வம்சாவளிக்கு மவுசு கூடியது. மேலே சொன்ன கஹ்தான், அத்னான் பட்டியல்கள் கெட்டிப்படுவது இந்தக் காலத்தில்தான்.

அப்புறம் பாக்தாத்தில் துருக்கியரும் பாரசீகரும் கையோங்கியதும், அரபி என்ற சொல் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது. 1377-இல் தன் வரலாற்று முன்னுரையை எழுதிய இப்னு கல்தூன், அரபிகள் பிடித்த ஊர் சீக்கிரம் பாழாகும் என்கிறார். அவரே ஹத்ரமவ்த் வம்சத்தவர், துனிஸில் பிறந்தவர், அரபியில் எழுதுகிறவர்! அங்கே அவர் அரப் என்று சொல்வது நாடோடிகளை என்று படித்தால்தான் வரி விளங்கும். கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் நகரத்து மனிதன் பல நூற்றாண்டுகள் தன்னை முஸ்லிம் என்றான், இன்ன ஊர்க்காரன் என்றான். அரபி என்பது ஊருக்கு வெளியே இருப்பவன். துருக்கியர் "அரப்" என்ற சொல்லைக் கறுப்பு மனிதர்களுக்கும் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதற்கு "இது புரிந்தால் நான் அரபி ஆகிப்போகிறேன்" என்று துருக்கியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

இன்று நாம் அரபி என்றதும் நினைக்கும் அர்த்தம் கடந்த நூற்றைம்பது வருடத்தில் உருவானது. பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் நடத்திய படித்தவர்கள், மொழியை வைத்து "நாம் ஒரு சமூகம்" என்று பேச ஆரம்பித்தார்கள். அதில் முன்வரிசையில் நின்றவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. காரணம் எளிது. மதத்தை வைத்தால் அவர்கள் சிறுபான்மை, மொழியை வைத்தால் சமமான பங்காளி. பெரும்பாலும் சிரியா, லெபனான்காரர்கள் 1913-இல் பாரிஸில் அரபு மாநாடு கூட்டினார்கள். 1916-இல் மக்காவின் ஷரீஃப் ஹுசைன் உதுமானியருக்கு எதிராக அரபுக் கிளர்ச்சி தொடங்கினார். பின்னால் அரபு தேசியம் பேசிய பாத் கட்சியை நிறுவியவர்களில் முக்கியமானவரான மிஷேல் அஃப்லக்கும் கிறிஸ்தவரே.

1945 மார்ச் 22 அன்று கெய்ரோவில் அரபு லீக் பிறந்தது. இன்று 22 நாடுகள். அந்தப் பட்டியலைப் பார்த்தால் "அரபி யார்" என்பதற்கு மொழியும் போதாது, ரத்தமும் போதாது என்று தெரியும். சோமாலியர்கள் வீட்டில் பேசுவது சோமாலி. கொமொரோஸ் தீவுகளில் பேசுவது ஆப்பிரிக்க பாண்டு மொழி ஒன்று. இரண்டும் உறுப்பு நாடுகள். மறுபக்கம் மால்டா. அந்தத் தீவின் மொழி அரபியிலிருந்தே கிளைத்தது, ரொட்டிக்கு அவர்கள் சொல்லும் சொல் அரபிக்காரனுக்குப் புரியும். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர், லத்தீன் எழுத்தில் எழுதுகிறவர்கள், தங்களை அரபி என்று கனவிலும் சொல்லமாட்டார்கள்.

நாட்டின் பெயரிலேயே "அரபு" என்று போட்டால் உள்ளே இருக்கும் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. "சிரிய அரபுக் குடியரசு" என்ற பெயரைக் குர்துகள் விரும்பியதில்லை. 1962-இல் ஹசாக்கா மாகாணத்தில் நடத்திய ஒரு கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குர்துகள் குடியுரிமையை இழந்தார்கள். வட ஆப்பிரிக்காவில் அமாசிக் மக்கள், வெளியார் பெர்பர் என்று சொல்பவர்கள், நீண்ட காலம் போராடி 2011-இல் மொராக்கோவிலும் 2016-இல் அல்ஜீரியாவிலும் தங்கள் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி பெற்றார்கள். பாக்தாத் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக அரபி பேசி, அரபி பாட்டுப் பாடி வாழ்ந்தவர்கள். 1950-51-இல் ஈராக் முழுவதிலுமிருந்து சுமார் 1,20,000 யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனார்கள். "அரபு யூதர்" என்ற சொல்லை அவர்களில் சிலர் பெருமையோடு சொல்வார்கள், பலர் ஏற்கமாட்டார்கள்.

அரபியும் முஸ்லிமும் ஒன்றா என்பதற்கு நீளமான பதில் வேண்டாம். உலகில் அதிக முஸ்லிம்கள் இருக்கும் நாடுகளான இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா எதுவும் அரபு நாடு இல்லை. ஈரானும் துருக்கியும் அரபு நாடுகள் இல்லை. ஈரான்காரர் ஒருவரை அரபி என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்கு அவரோடு டீ கிடையாது. அரபிகளில் லட்சக்கணக்கான கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கடவுளை "அல்லாஹ்" என்றே அழைத்து ஜெபிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்களின் பட்டியலிலேயே அரபியர் உண்டு.

பெயரில் அரபு இருக்கும் பொருட்களையும் நம்பிவிடாதீர்கள். அரபிக்கா காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அரபு எண்களின் பிறப்பிடம் இந்தியா.

கடைசியாக, எகிப்துக்காரர்கள். மொழிப்படி பார்த்தால் ஆம், அரபு உலகில் அதிக மக்கள் இருக்கும் நாடே அது. வம்சப்படி பார்த்தால் பெரும்பாலோர் நைல் கரையின் பழைய குடிமக்கள், மொழி மாறியவர்கள். அரசியல்படி பார்த்தால், 1920-களில் "நாங்கள் ஃபாரோக்களின் வாரிசு, எங்களுக்கும் அரபிகளுக்கும் என்ன" என்று பேசிய எழுத்தாளர்கள் அங்கே இருந்தார்கள். எகிப்து அதிபர் நாசர் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார். 1958-இல் சிரியாவோடு சேர்ந்து "ஐக்கிய அரபுக் குடியரசு" ஆனபோது எகிப்து என்ற பெயரே நாட்டின் பெயரிலிருந்து காணாமல் போனது. மூன்று வருடத்தில் சிரியா பிரிந்துவிட்டது. ஆனாலும் 1971 வரை எகிப்து அந்தப் பெயரை விடவில்லை. அதன் பிறகு "எகிப்து அரபுக் குடியரசு". காப்டிக் கிறிஸ்தவர்களில் பலர் அரபி என்ற பெயரைத் தங்களுக்கு ஏற்பதில்லை. ஆகவே ஒருவரை அழைப்பதாக இருந்தால் எகிப்தியர் என்றே சொல்லுங்கள், அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. கூட்டமாக, மொழியையோ அரசியலையோ வைத்துப் பேசும்போது அரபிகள் என்பதில் அவர்களைச் சேர்க்கலாம், அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

நம் பொறியாளர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது கணக்கு முடிக்க என்னிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அட்டையில் தங்க எழுத்தில் "ஜும்ஹூரிய்யத் மிஸ்ர் அல்அரபிய்யா" என்று இருந்தது. நான் "அல்அரபிய்யா" என்ற இடத்தில் விரலை வைத்து அவரை நிமிர்ந்து பார்த்தேன். "அது கவர்மெண்ட் எழுதினது" என்றார்.